எம்.எட். முடித்தாயிற்று, அடுத்து எம்.பில்.லா, பி.எச்டி.யா? கடையத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி, 9 ஜூன் 2025

கடையத்திலிருந்து எழுதுகிறேன். வயது 33. எம்.எஸ்சி. கணிதம், பி.எட்., அதன்பின் எம்.எட். முடித்து ஓராண்டு ஆகிறது. தனியார் பள்ளி ஒன்றில் வேலை. ஆய்வுப் பட்டம் செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. "முதலில் எம்.பில்., பிறகு பி.எச்டி." என்றுதான் இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். எம்.பில். சேர்க்கை நடக்கிறது என்று ஒரு நிறுவனத்தார் முன்பணம் கேட்கிறார்கள். வீட்டில் இரண்டு குழந்தைகள், வேலையை விட முடியாது. எம்.பில்., பகுதிநேர பி.எச்டி., முழுநேர பி.எச்டி., எம்.ஏ. கல்வியியல், வெளிநாட்டு எட்.டி. என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். செய்து முடித்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு

முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றதை நாளை எழுதுகிறேன், இதை மட்டும் இன்றே சொல்லிவிட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பர் 7 அன்று அறிவித்த பி.எச்டி. விதிமுறைகளின் 14ஆம் பிரிவு, உயர்கல்வி நிறுவனங்கள் எம்.பில். நடத்தக் கூடாது என்கிறது. அதற்குப் பிறகும் சில இடங்களில் சேர்க்கை நடந்தது. அதனால் 2023 டிசம்பரில் மாணவர்களுக்கே நேரடியாக எச்சரிக்கை விடுத்தார்கள். முன்பே வாங்கியவர்களின் எம்.பில். செல்லும். இனிச் சேர்ந்து வாங்குவது செல்லாது. பணம் கேட்பவர்களிடம் அந்த 14ஆம் பிரிவைக் காட்டி என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

10 ஜூன்

நான் முக்கூடல் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் கணித ஆசிரியை. 2017இல் பகுதிநேர பி.எச்டி.க்குப் பதிவு செய்து, 2024 செப்டம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்து, இந்த ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு முடித்தேன். பட்டபாடு இன்னும் ஆறவில்லை. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

எம்.ஏ. கல்வியியல் உங்களுக்கு வேண்டாம். பி.எட். இல்லாதவர்களும் கல்வியைப் பற்றிப் படிக்க நல்ல வழி அது. எம்.எட். என்பது ஆசிரியரை உருவாக்கும் ஆசிரியருக்கான தொழிற்படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் அங்கீகாரத்தோடு நடப்பது, 2015 முதல் இரண்டாண்டு. கல்வியியல் கல்லூரி வேலைக்கு அதைத்தான் கேட்பார்கள். உங்களிடம் அது இருக்கிறது.

ஆகவே உங்கள் முன்னால் நிற்பது பி.எச்டி. ஒன்றுதான். முதுநிலையில் 55 விழுக்காடு வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர் முதலிய பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. பகுதிநேரம் என்றால் வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். தொலைநிலையிலோ இணையவழியிலோ பி.எச்டி. கிடையாது. அப்படி யாராவது சொன்னால், அவரும் உங்கள் முன்பணக்காரரும் ஒரே வகை. சேர்ந்ததும் பாடநெறி உண்டு, குறைந்தது 12 மதிப்புப்புள்ளிகள் (கிரெடிட்). ஆய்வு நெறிமுறை பற்றிய பாடமும் அதில் அடங்கும். பகுதிநேரக்காரருக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை.

சேர்க்கைக்கு இரண்டு வாசல். ஒன்று பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு. இன்னொன்று நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு. 2024 முதல் நெட் தேர்ச்சி மூன்று வகை: இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு சேர்ந்தது, உதவிப் பேராசிரியர் தகுதியும் பி.எச்டி. சேர்க்கையும் தருவது, பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டுமானது. பின்னிரண்டு வகையினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கு. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும்.

வாசல் திறந்தாலும் உள்ளே இடம் இருக்க வேண்டும். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். "உங்களிடம் இடம் காலியா?" என்று முதலிலேயே கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நான் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே ஒரு கல்வியாண்டை இழந்தேன்.

எங்கே என்றால், நமக்குப் பக்கம் அபிஷேகப்பட்டி, 1990இல் வந்த மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம். சென்னையில் 2008இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. காரைக்குடி அழகப்பாவையும் பாருங்கள். வீட்டை விட்டுப் போக முடியும் என்றால் மைசூரில் 1963 முதல் இயங்கும் மண்டலக் கல்வியியல் நிறுவனம். உங்களால் போக முடியாது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

எட்.டி. என்பது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பள்ளித் தலைமையிலோ கல்வி நிர்வாகத்திலோ இருப்பவர்கள், தம் வேலையிலிருந்தே கேள்வியை எடுத்துச் செய்யும் முனைவர் பட்டம். ஹார்வர்டில் 1920-களிலேயே வழங்கினார்கள். அந்தக் கருத்து எனக்குப் பிடிக்கும். கட்டணத்தைப் பார்த்த பிறகு அதைப் பற்றி நான் படிக்கவில்லை.

12 ஜூன்

இரண்டு திருத்தம்.

கால எல்லையை எழுத விட்டுவிட்டேன். தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு "ஆறு ஆண்டு" என்று சொன்னேன், அது அரைகுறை. 2022 விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, ஆக எட்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையோருக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு, மொத்தம் பத்துக்கு மிகாமல். மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. நான் 2016 விதியின் கீழ் பதிவு செய்தவள். அதில் ஆறும், பெண்களுக்கு இரண்டும். அந்த இரண்டு ஆண்டுதான் என்னைக் காப்பாற்றியது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று: மருத்துவ உளவியலில் எம்.பில். நடக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மை. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் 2025-26 வரை விலக்கு கொடுத்திருக்கிறார்கள். கல்வியியலுக்கு அது பொருந்தாது.

14 ஜூன்

இதுவரை எழுதியதெல்லாம் பஸ் நேரம் சொல்வது போல. எந்த வண்டி, எங்கே மாற வேண்டும் என்பது பத்து நாளில் தெரிந்துவிடும். எங்கே போகிறோம் என்பதில்தான் நம் பக்கத்து ஆய்வுகள் தடுமாறுகின்றன. என் எம்.எட். ஆய்வேட்டைச் சொல்கிறேன்.

"மேல்நிலை மாணவர்களின் உணர்வுசார் நுண்ணறிவுக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு." 300 மாணவர்கள், 40 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முழுதும் ஏற்கிறேன்' முதல் 'முழுதும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டம். வாக்கியங்கள் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், 'என் உணர்ச்சிகளை நான் திறம்பட நிர்வகிக்கிறேன்' என்றால் என்ன?" என்று கேட்டாள். மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது. அடுத்த வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தது. "தெரியவில்லை என்றால் நடுக்கட்டத்தில் டிக் போடு" என்றேன். போட்டாள். பக்கத்தில் இருந்த மூன்று பேரும் போட்டார்கள்.

அந்த நான்கு நடுக்கட்டமும் என் சராசரியில் இருக்கின்றன. தொடர்புக் கெழுவில் இருக்கின்றன. '0.05 நிலையில் குறிப்பிடத்தக்க தொடர்பு உள்ளது' என்று நான் எழுதிய வரியில் இருக்கின்றன. அதற்கு நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்தப் பெண் கேட்ட கேள்வி மட்டும் ஆய்வேட்டில் எங்கும் இல்லை.

ஷோத்கங்கா தளத்தில் நாடு முழுவதும் ஏற்கப்பட்ட பி.எச்டி. ஆய்வேடுகள் கிடைக்கும், இலவசம். நம் மாவட்டப் பெயரைப் போட்டுக் கல்வியியலில் தேடிப் பாருங்கள். பத்து ஆய்வேட்டை இறக்குங்கள். முதல் இரண்டு அத்தியாயங்களை விட்டுவிட்டு மூன்றாவதையும், கடைசியில் பின்னிணைப்பாக இருக்கும் வினாத்தாளையும் மட்டும் படியுங்கள். வினாத்தாளை உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் அந்த ஆய்வேட்டின் தரம் தெரிந்துவிடும்.

15 ஜூன்

நேற்று எழுதியதில் ஓர் அநியாயம் இருக்கிறது, இரவெல்லாம் உறுத்தியது.

என்னோடு எம்.எட். படித்த தோழி ஒருத்தி வாசிப்புத் திறன் பற்றி எண்களை வைத்தே பி.எச்டி. செய்தாள். வினாக்களை அவளே தமிழில் எழுதினாள். முதலில் நாற்பது பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்து, பிள்ளைகள் தடுக்கி விழுந்த வாக்கியங்களை எல்லாம் எடுத்தாள், மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. எந்தப் பள்ளி என்று குலுக்கல் முறையில் எடுத்தாள். வாய்க்கால் கடந்து போக வேண்டிய பள்ளி விழுந்தபோது, பக்கத்துப் பள்ளியை மாற்றி எடுக்காமல் அங்கேயே போனாள். அவளுடைய அட்டவணைகளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். எண்ணுவது குற்றம் என்று நான் எழுதியதாகப் படித்திருந்தால் அதை அழித்துவிடுங்கள். புரியாத கேள்விக்கு வந்த விடைகளை எண்ணினேன், என் குற்றம் அது.

21 ஜூன்

கடையத்துக்காரர் எனக்குத் தனியே எழுதினார். அவருடைய அம்மாவும் பீடி சுற்றியவர்களாம். என் அம்மாவும். இனி 'நீ' என்றே எழுதுகிறேன், தங்கச்சி.

உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முக்கூடல், கடையம், பொட்டல்புதூர், மேலப்பாளையம் என்று இந்தப் பக்கம் முழுக்க வீட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்துப் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். கடையில் இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள். சுற்றி, 25 பீடிக்கு ஒரு கட்டாகக் கட்டி, மறுநாள் கொடுக்க வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஆயிரம் என்றால் 40 கட்டு. தேறாத பீடியைக் கழித்துவிடுவார்கள். என் கணக்குப் பாடம் தார்சாவில், அதாவது வீட்டு முன்கூடத்தில், அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் தொடங்கியது.

பல வருடம் கழித்து, என் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் 730ஐ 25ஆல் வகுத்து, 'ஈவு 2, மீதி 23' என்று எழுதி வைத்தாள். சுழியத்தை இறக்கவில்லை. சிவப்பு மையில் தவறு போட்டேன். அன்று மாலை கடைத்தெருவில் அவளை அம்மாவோடு பார்த்தேன். சும்மா கேட்பது போல, "730 பீடி இருந்தால் எத்தனை கட்டு?" என்றேன். நடந்துகொண்டே சொன்னாள்: "நாலு கட்டு நூறு. எழுநூறுக்கு இருபத்தெட்டு. முப்பதுக்கு ஒரு கட்டு, அஞ்சு மிச்சம். இருபத்தொன்பது கட்டு, அஞ்சு பீடி."

காலையில் நான் போட்ட சிவப்புக் கோடு அப்படியே கண்முன் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பி.எச்டி.க்குப் பதிவு செய்யும் எண்ணமே அதுவரை எனக்கு இல்லை.

22 ஜூன்

ஒருவர் கேட்டிருக்கிறார்: "இதெல்லாம் ஒரு சம்பவம். இதில் ஆய்வு எங்கே?"

அதையேதான் நானும் என் நெறியாளரிடம் பயந்துகொண்டே சொன்னேன். அவர் ஒரு கட்டுரையைக் கையில் கொடுத்தார். பிரேசிலில் ரெசிஃபே நகரத்தில் தெருவில் விற்கும் குழந்தைகளிடம் செய்து 1985இல் வெளியான ஆய்வு. 9 முதல் 15 வயது வரை, ஐந்தே குழந்தைகள். ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய்த் தேங்காயும் பழமும் விலை கேட்கிறார்கள். பிறகு அதே கணக்குகளைத் தாளிலும் பென்சிலிலும் கொடுக்கிறார்கள். தெருவில் 98.2 விழுக்காடு சரி. கதைக் கணக்காகக் கொடுத்தபோது 73.7. வெறும் எண்களாகக் கொடுத்தபோது 36.8.

அதில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். தேங்காய் ஒன்று 35, பத்து வேண்டும் என்கிறார்கள். பத்தால் பெருக்கச் சுழியம் சேர்த்தால் போதும் என்று பள்ளியில் சொல்லித்தருகிறோம். அவன் அதைச் செய்யவில்லை. மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் நான்கு வேண்டும், 315, பிறகு 350 என்று போகிறான். படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "நாலு கட்டு நூறு" என்ற குரலும் இந்தக் குரலும் ஒன்றாகக் கேட்டன.

ஐந்து குழந்தைகளை வைத்து உலகம் படிக்கும் ஆய்வைச் செய்யலாம் என்றால், 300 என்ற எண்ணைக் கட்டிக்கொண்டு நாம் ஏன் அழ வேண்டும்? நான் 24 பிள்ளைகளோடு செய்தேன்.

29 ஜூன்

உதவித்தொகை பற்றிக் கேட்டிருந்தாய். இளநிலை ஆய்வு உதவித்தொகை முழுநேரக்காரருக்கு மட்டும். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து மதிப்பீடு முடிந்தால் 42,000. வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. உனக்கு 33. இரண்டு மூன்று முறை எழுதிப் பார்க்கக் காலம் இருக்கிறது. இப்போது வாங்கும் தனியார் பள்ளிச் சம்பளத்தை 37,000த்தோடு வைத்துப் பார். 'வேலையை விட முடியாது' என்பதை இன்னொரு முறை யோசி. எனக்கு அந்த வழி இருக்கவில்லை. நான் நிரந்தரப் பணியில் இருந்தேன், வயதும் தாண்டியிருந்தது.

ஊக்க ஊதியத்துக்காக அரசுப் பணியில் இருப்போர் ஆய்வுப் பட்டம் செய்த காலம் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அந்த முன்ஊதிய உயர்வை நிறுத்தியது. அதற்காகச் செய்ய நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

6 ஜூலை

ஆறு ஆண்டில் ஏன் முடியவில்லை என்று சொல்லக் கடன்பட்டிருக்கிறேன்.

2017இல் பதிவு செய்த தலைப்பில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று இருந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. ஒரே இரவில் என் பள்ளிகளில் பாதி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டன. முக்கூடல் இங்கே, கடையமும் பொட்டல்புதூரும் அங்கே. பீடித் தட்டுக்கு எல்லைக் கோடு தெரியாது, ஆனால் அனுமதிக் கடிதத்துக்குத் தெரியும். முதன்மைக் கல்வி அலுவலர்கள் இருவர் ஆனார்கள். தலைப்பை மாற்ற ஆய்வு ஆலோசனைக் குழு கூட வேண்டும். கூடுவதற்குள் 2020 மார்ச் வந்து பள்ளிகள் மூடப்பட்டன.

ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் பள்ளிக்குத் திரும்பினார்கள். அந்த இடைவெளியில் ஆய்வு நின்றுபோனதாகத்தான் நினைத்தேன். கட்டுப்பாடு தளர்ந்ததும் முகக்கவசத்தோடு வளவு வளவாக நடந்து, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்தேன். ஆசிரியையாகப் பள்ளியில் இருந்தபோது ஐந்து ஆண்டில் கேட்காத கணக்கை ஐந்து வாரத்தில் கேட்டேன். ஆயிரத்துக்குக் கூலி 240 என்று வைத்துக்கொண்டால் 650க்கு எவ்வளவு என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன்: "ஐநூறுக்கு 120, நூறுக்கு 24, ஐம்பதுக்கு 12, ஆக 156." விகிதச் சமம் என்ற சொல் அவளுக்குத் தெரியாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். 25க்குப் பதில் 24 அடங்கிய பெட்டி என்று கேட்டால் அதே பிள்ளைகளில் பெரும்பாலோர் திணறினார்கள். நூறு என்ற கைப்பிடி நழுவியதும் படி தவறியது. அவர்களுக்குப் பள்ளியின் நெடுவகுத்தல் தேவைதான். திண்ணைக் கணக்கிலிருந்து அதற்கு எப்படி அழைத்துப் போவது என்பதுதான் என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம். அதில் இன்றும் எனக்கு முழு நிறைவு இல்லை.

பிறகு 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரு கரையும் புரண்டது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ஆறு ஆண்டு முடிந்து, பெண்களுக்கான நீட்டிப்பில் ஓடிக்கொண்டிருந்த நேரம். அலமாரியின் கீழ்த்தட்டில் எல்லாக் குறிப்பேடும். மை ஊற்றும் பேனாவில் நான் எழுதியவை நீலக் கறையாகிவிட்டன. பிள்ளைகள் கணக்குப் போட்ட தாள்கள் பென்சிலில் இருந்தன. கொடியில் காயப்போட்டபோது ஒவ்வொரு எண்ணும் அப்படியே தெரிந்தது. என் விளக்கங்கள் போயின, அவர்கள் வழிமுறை தப்பியது. மீண்டும் வீடு வீடாகப் போய் அந்தத் தாள்களைக் காட்டி, "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்டு எழுதினேன். சிலர் வளர்ந்து பத்தாம் வகுப்பு வந்திருந்தார்கள். தம் பழைய கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கைப்பேசியில் படம் எடுத்து வேறோர் இடத்திலும் வைத்துக்கொள். குறிப்பைப் பென்சிலில் எழுது.

7 ஜூலை

ஆய்வேடு எழுதித் தருகிறோம் என்று பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் துண்டறிக்கையைப் பார்த்தேன் என்கிறார் ஒருவர். எழுத்துத் திருட்டைத் தடுக்கும் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் திருத்தித் தர வேண்டும், 40ஐத் தாண்டினால் ஓராண்டுக்குத் திருத்தியதையும் சமர்ப்பிக்க முடியாது, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் பிடிபடுவதைப் பற்றிய பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு குழந்தை உன்னை நம்பித் தன் கணக்கைச் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்காத ஒருவர் அதைப் பற்றி எப்படி எழுத முடியும்?

13 ஜூலை

கடுமையான கேள்வி ஒன்று வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: "குழந்தைகள் பீடி சுற்றுவதை அறிவு என்று புகழ்கிறீர்களா?"

ஒரு வாரம் பதில் எழுதவில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளரும் இதையே கேட்டார். அங்கே நான் சொன்ன பதில் போதாது.

பீடி சுற்றுதல் 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலேயே குழந்தைகளுக்குத் தடை செய்யப்பட்ட வேலைகளில் ஒன்று. தூள் நெடியில் என் அம்மா இருமியது இன்றும் காதில் இருக்கிறது. எந்தப் பிள்ளையும் அந்தத் தட்டில் கை வைக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அம்மா எண்ணுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே இந்தக் கணக்கு பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பெண்களின் அறிவைப் பதிவு செய்கிறேன். அந்த வேலையை நான் புகழவில்லை. இந்த வேறுபாட்டை என் ஆய்வேட்டில் ஒரு பத்தியில் முடித்துவிட்டேன், ஓர் அத்தியாயமே எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று. தாய்மார்கள் பயந்தார்கள். இந்த டீச்சர் எழுதுவதை அதிகாரி படித்தால் பீடிக் கடையில் வேலைக்குக் கொடுத்த பாஸ் புத்தகத்தைத் திரும்ப வாங்கிவிடுவார்களோ என்று. பெயர், தெரு, கடை எதுவும் வராது என்று வாக்குக் கொடுத்தேன், எழுதியும் கொடுத்தேன். பின்னிணைப்பில் பிள்ளைகளின் பேச்சைத் தமிழிலேயே வைத்தேன். ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதியவளுக்கு அந்த நாற்பது பக்கம்தான் சொந்தம் போல இருந்தது. அவர்களில் எந்தத் தாயும் அதைப் படிக்கவில்லை. போய் வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஏப்ரலிலிருந்து நினைக்கிறேன். இன்னும் போகவில்லை.

20 ஜூலை

வகுப்பறைக்குள் போக அனுமதி கிடைக்காதவர்கள் வரலாற்றுப் பக்கம் பார்க்கலாம் என்று சொல்ல வந்தேன். கல்வியியலில் அதுவும் ஆய்வுதான், இப்போது யாரும் தொடுவதில்லை. 1822இல் மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு கலெக்டரும் தன் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள், யார் படிக்கிறார்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டார். 1826இல் தொகுத்தபோது மதராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகள், ஒரு கோடியே 28 லட்சம் மக்களுக்கு. திருநெல்வேலி கலெக்டரின் பதிலும் அவற்றில் ஒன்று. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார வேண்டும்.

அந்தத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்ற வாய்பாட்டு நூல் மனப்பாடம். முந்திரி 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று. பள்ளிக்கூடம் போகாத என் ஆச்சி, ரூபாய்க்கு மாகாணி என்றால் ஓரணா என்பார்கள். அவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டு வைக்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் 1890-களில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி இன்றும் நடக்கிறது. நூறாண்டுக்கு மேலாக அந்தப் பிள்ளைகள் தமக்குள் எந்தக் கையசைவில் எண்ணுகிறார்கள்? யாராவது எடுத்துச் செய்யுங்கள். எனக்கு வயது போய்விட்டது.

3 ஆகஸ்ட்

கடையத்துத் தங்கச்சி விண்ணப்பம் போடுவதற்கு முன், நான் கேட்டுக்கொண்டபடி மூன்று பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதிய குறிப்பை அனுப்பியிருக்கிறாள். பதினொரு பக்கம். பென்சிலில்.

முதல் இரண்டு பிள்ளைகளைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். மூன்றாவது பெண் சொன்னதை இரண்டு வரியில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாய்: "அம்மா கட்டினால் 25, கடையில் எண்ணினால் 24, நான் எண்ணினால் 26." நீ அதைப் பிழை என்று நினைத்திருக்கிறாய், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாய். எனக்குத் தோன்றுவது வேறு. கழித்துவிடுவார்கள் என்று ஒன்று கூடுதலாக வைத்து எண்ணுகிறாளோ? அப்படியானால் அவள் செய்வது கழிவை முன்கூட்டியே மதிப்பிடும் கணக்கு. நான் ஏழு ஆண்டு திண்ணையில் உட்கார்ந்தும் அது என் காதில் விழவில்லை.

என் ஊகத்தை அவளிடம் சொல்லிவிடாதே. நெட் விண்ணப்பத்தையும் இந்த வாரம் மற. சனிக்கிழமை திரும்பப் போய், 26 எப்படி வந்தது என்று அவளையே எண்ணிக் காட்டச் சொல். நீ பேசாதே.